கோமா–கிசெனி எல்லை: கூடை வியாபாரியிடம் வரி வாங்குவது யார்?

கிவுக்கரை எழுதியது:

வணக்கம். கிகாலியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதம் இரண்டு மூன்று தடவை வேலையாகக் கிசெனி போவேன். தெரியாதவர்களுக்கு: கிசெனி ருவாண்டா பக்கம், கோமா காங்கோ பக்கம். கிவு ஏரிக்கரையில் இரண்டும் ஒரே ஊர் மாதிரி ஒட்டிக்கிடக்கும். நடுவில் எல்லைக்கோடு, அதில் இரண்டு வாசல். பெரிய வாசலில் வண்டிகள் போகும், 'பெத்தீத் பாரியேர்' என்று சொல்கிற சின்ன வாசலில் மனிதர்கள் நடந்து போவார்கள். கொரோனாவுக்கு முன் அந்தச் சின்ன வாசலில் ஒரு நாளைக்கு 40,000 பேருக்கு மேல் கடந்தார்கள். ஆப்பிரிக்காவிலேயே இவ்வளவு நெரிசலான தரைவழி எல்லைகள் சிலதான் உண்டு. கடக்கிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். முதுகில் குழந்தை, தலையில் கூடை.

காலை ஆறரை மணிக்கு அங்கே நின்று பார்த்தால்தான் புரியும். தக்காளி, வெங்காயம், முட்டை, பால், கோழி எல்லாம் ருவாண்டாவிலிருந்து கோமாவுக்குப் போகும். கிட்டெங்கே துணி, செருப்பு, பனை எண்ணெய் அங்கிருந்து இங்கே வரும். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா தக்காளி விற்கிறார். ஒரு நாள் அவர் பின்னால் வரிசையில் நின்றேன். வேலியைத் தாண்டி ஐம்பது அடிகூட இருக்காது, அதற்குள் மூன்று பேர் நிறுத்தினார்கள். முதல் ஆள் துண்டுச்சீட்டைப் பார்த்துவிட்டுக் காசு வாங்கினார். இரண்டாவது ஆள் கேட்டதற்கு ரசீது கொடுத்தார், அதில் எழுதியிருந்த தொகை வேறு, வாங்கிய தொகை வேறு. மூன்றாவது ஆள் எதுவும் கேட்கவில்லை, கூடைக்குள் கைவிட்டு நல்ல பழமாக நாலு எடுத்துக்கொண்டார். அக்கா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அப்புறம் என்னிடம் சொன்னார், "காசு கேட்டால் பேரம் பேசலாம், கையை விட்டால் என்ன பேசுவது?"

என் கேள்வி இதுதான். செய்தியில் அந்தப் பக்கத்தை 'ஆட்சியே இல்லாத பகுதி' என்கிறார்கள். நான் பார்த்தவரை ஆட்சி அங்கே தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஒரே கூடைக்கு மூன்று எஜமானர்கள். இந்தப் பக்கங்களில் இருந்தவர்கள், படித்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

பழைய சிப்பாய் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் சொல்வது அப்படியே உண்மை. ஐ.நா. அமைதிப்படையின் இந்தியப் படைப்பிரிவில் கோமாவில் ஒரு வருடம் இருந்தேன். எல்லை வாசலில் நடப்பது பாதிக் கதைதான். மீதி ஊருக்குள் போகும் சாலையில் இருக்கிறது. கோமாவிலிருந்து சாகே, அங்கிருந்து மசிசி மலைக்கு ஏறும் பாதையிலும், வடக்கே ருட்ஷுரு பாதையிலும் கயிறு கட்டியிருப்பார்கள். சில இடத்தில் கயிறு, சில இடத்தில் ஒரு மூங்கில் கழி. பக்கத்தில் ஒரு மரநாற்காலி, அதில் துப்பாக்கியோடு ஒரு பையன். அவன் அரசுப் படையா, ஆயுதக் குழுவா, அந்த ஊர் தலைவனுடைய ஆளா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. கரி மூட்டை சுமந்து வரும் பெண்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. யாராக இருந்தாலும் கொடுத்தால்தான் கயிறு இறங்கும்.

பிற்பாடு, 2017-இல், பெல்ஜியத்தைச் சேர்ந்த ஐபிஸ் என்ற ஆய்வு நிறுவனம் வடகிவு, தென்கிவு இரண்டு மாகாணங்களிலும் இந்தச் சாவடிகளைக் கணக்கெடுத்து வெளியிட்டது. 798 சாவடிகள். அரசாங்கப் படை நடத்தியவையும் அதில் ஏராளம். வெளியுலகம் கோல்டான் கனிமத்தைப் பற்றியே பேசுகிறது. பேச வேண்டியதுதான், 2024-இல் எம்23 என்ற கிளர்ச்சிக் குழு பிடித்த ருபாயா சுரங்கப் பகுதியில் மட்டும் மாதம் சுமார் 8,00,000 டாலர் வசூலாகிறது என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியிருக்கிறது. ஆனால் சுரங்கம் இல்லாத ஊர்களிலும் சண்டைக்காரர்கள் பிழைக்கிறார்களே, எப்படி? பீன்ஸ், கரி, வாழைக்காய், பேருந்துப் பயணி. நடமாடுகிற எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம்.

வடக்குவாசல் எழுதியது:

குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம். இந்தச் சின்ன வியாபாரிகளில் பாதிப் பேர் கடத்தல்தானே செய்கிறார்கள்? ருவாண்டாவில் 2008-இலிருந்து பிளாஸ்டிக் பை தடை. கோமாவிலிருந்து உடம்பில் சுற்றிக்கொண்டு வந்து மாட்டுகிறவர்கள் பற்றி எத்தனையோ செய்தி. நம்ம ஊரில் குருவி என்போமே, அதே வேலை. அரசாங்கம் சோதனை போடாமல் என்ன செய்யும்? முறையாகப் பதிவு செய்து, படிவம் நிரப்பி, சட்டப்படி கடந்தால் யாரும் கைவைக்க முடியாது என்பது என் எண்ணம்.

கிவுக்கரை எழுதியது:

வடக்குவாசல் ஐயா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. கடத்தல் உண்டு. பழைய துணியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே 'சாகுவா' என்பார்கள். 2016-இல் ருவாண்டா உள்ளூர் நெசவை வளர்க்கிறோம் என்று கிலோவுக்கு 0.20 டாலராக இருந்த வரியை 2.50 டாலராக ஏற்றியது. அமெரிக்கா கோபித்துக்கொண்டு 2018-இல் ருவாண்டா ஆயத்த ஆடைக்கான வரிச்சலுகையை நிறுத்தியது. இவ்வளவு பெரிய இடத்துச் சண்டையின் முடிவில் என்ன ஆனது என்றால், கோமாவில் சட்டை வாங்கி, ஐந்து சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வாசலைக் கடக்கும் பெண்கள் வந்தார்கள். அவர்களைப் பிடித்து நிற்க வைப்பதையும் பார்த்திருக்கிறேன். பார்க்க மனசு தாங்காது.

ஆனால் தக்காளிக்காரர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. சட்டம் அவர் பக்கம்தான் இருக்கிறது, அதுதான் கொடுமை. காங்கோ அரசே 2002 மார்ச்சில் ஒரு ஆணை போட்டது. எல்லையில் நாலே நாலு துறைதான் உட்காரலாம்: குடிவரவு, சுங்கம், சரக்குத் தரக்கட்டுப்பாடு, சுகாதாரம். இருபது வருடம் கழித்தும் வாசலில் நிற்கும் சீருடைகளை எண்ணினால் நாலோடு நிற்காது. ஏன்? சம்பளம் ஒழுங்காக வராத ஒரு அலுவலருக்கு எல்லையில் ஒரு நாற்காலி கிடைப்பதுதான் சம்பளம். அந்த நாற்காலி கிடைக்க உதவிய மேலதிகாரிக்கும் சாயங்காலம் பங்கு போக வேண்டும். காங்கோவில் பேசும் லிங்காலா மொழியில் லஞ்சத்துக்கு 'மதேசு யா பானா' என்று ஒரு பேர், 'பிள்ளைகளுக்கு பீன்ஸ்' என்று அர்த்தம். வாங்குகிறவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

படிவம் பற்றி. கொமேசா என்ற கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் வணிகக் கூட்டமைப்பு சின்ன வியாபாரிகளுக்காக எளிய வணிக முறை என்று ஒன்று கொண்டுவந்தது. பட்டியலில் உள்ள உள்நாட்டு விளைபொருளைக் குறிப்பிட்ட மதிப்புக்குள் கொண்டுபோனால் சுங்கத் தீர்வை கிடையாது, ஒரு எளிய படிவம் போதும். நல்ல யோசனை. ஆனால் தீர்வை போனாலும் மற்ற கட்டணங்கள் போகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் படிவத்தை யாரிடமாவது கொடுத்துத்தான் நிரப்ப வேண்டும், அதற்கு ஒரு காசு. வரிசையில் ஒரு மணி நேரம் போனால் தக்காளி வெயிலில் குழைந்துவிடும், விலை இறங்கிவிடும். அக்காவின் முதல் மொத்தமே இருபது, முப்பது டாலர்தான். அதுவும் அன்றாடம் திருப்பித் தரும் தண்டல் கடன். இதில் நேரம் போவதைவிட நாலு பழம் போவது மேல் என்று அவர் கணக்குப் போடுகிறார். அவர் கணக்கு சரிதான்.

கம்பாலாவாசி எழுதியது:

நல்ல இழை. நான் உகாண்டாவில் பதினாலு வருடமாக இருக்கிறேன், ஹார்டுவேர் மொத்த வியாபாரம். எங்கள் சரக்கு கணிசமாகக் காங்கோவுக்குப் போகிறது, அதனால் இன்னொரு கோணம் சொல்கிறேன்.

கோமாவுக்கு வடக்கே புடெம்போ என்று ஒரு ஊர். நாண்டே இனத்து வியாபாரிகளின் ஊர். சென்னைப் பாரிமுனை மாதிரி முழுக்க வியாபாரம். துபாய், குவாங்சோ வரை போய்ச் சரக்கு எடுத்து, மொம்பாசா துறைமுகம் வழியாகக் கசிண்டி எல்லையில் இறக்குவார்கள். 1998-க்குப் பிறகு நடந்த பெரிய போரில் அந்தப் பகுதி ஆர்சிடி-எம்எல் என்ற கிளர்ச்சிக் குழுவின் கையில் இருந்தது. அப்போது அந்தப் பெரிய வியாபாரிகள் செய்த ஏற்பாடு எங்கள் வட்டாரத்தில் இன்றும் பேச்சு. குழுவுக்குப் பணம் தேவை, வியாபாரிகளுக்கு வரி எவ்வளவு என்ற உறுதி தேவை. சரி, வரியை முன்கூட்டியே மொத்தமாகத் தருகிறோம், பதிலுக்கு எங்கள் கண்டெய்னருக்கு இவ்வளவுதான் என்று ஒரு நிலையான தொகை வையுங்கள் என்று பேசி முடித்தார்கள். அதனால் ஊரில் கட்டடம் எழும்பியது. சாலை போட, மின்சாரம் கொண்டுவர வியாபாரிகளே பணம் போட்டார்கள். சுற்றிலும் போர் நடக்க, அந்த ஊர் மட்டும் வளர்ந்தது.

இதை 'வியாபாரிகள் தாங்களே நடத்திய ஆட்சி' என்று மெச்சுகிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் மெச்சினேன். ஆனால் அந்தப் பேச்சு மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? கண்டெய்னர் இறக்குகிறவர்கள். கசிண்டியில் தலைச்சுமையாகக் கொண்டுவரும் பெண்ணுக்கு அந்தச் சலுகை எதுவும் கிடையாது. பெரியவர்களுக்கு விட்டுக்கொடுத்த வரியைச் சின்னவர்கள் சேர்ந்து அடைத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். கிவுக்கரை சொன்ன அந்த அக்காவின் வார்த்தைதான் விஷயமே. பேரம் பேச முடிகிறவருக்கு அது வரி, பேச முடியாதவருக்கு அது கூடைக்குள் விட்ட கை.

உகாண்டா பக்கம் ஆருவா ஊரில் 'ஒபெக் பையன்கள்' என்று ஒரு கூட்டம் இருந்தது. இடி அமீன் விழுந்த பிறகு அகதிகளாகப் போய்த் திரும்பிய இளைஞர்கள். காங்கோவுக்கு என்று வரியில்லாமல் போகும் எரிபொருளைத் திரும்பக் கடத்திக்கொண்டுவந்து தெருமுனையில் கேனில் விற்பார்கள். சட்டப்படி குற்றம்தான். ஆனால் உள்ளூர் அரசியல்வாதிகளுக்குத் தேர்தலில் இவர்கள் வேண்டும், ஊர்க்காரர்களுக்கு மலிவு விலை பெட்ரோல் வேண்டும், திருட்டு கிருட்டு நடந்தால் போலீசை விட இவர்கள்தான் முதலில் ஓடிவருவார்கள். அதனால் யாரும் முழுசாக ஒடுக்கவில்லை. இவர்களுக்கு எண்ணிக்கை இருந்தது, ஒற்றுமை இருந்தது, பேரம் பேச முடிந்தது. கூடைப் பெண்களுக்கு எண்ணிக்கை இவர்களைவிட எத்தனையோ மடங்கு, ஆனாலும் பேரம் இல்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கொரு தண்டல் கடன், ஆளுக்கொரு கைக்குழந்தை, ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தால் அன்று ராத்திரி அடுப்பு எரியாது.

நைரோபி மழை எழுதியது:

கென்யா–சோமாலியா பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2011-இல் கென்யப் படை சோமாலியாவுக்குள் போன காலத்திலிருந்து பல வருடம் அந்த எல்லை காகிதத்தில் மூடிக்கிடந்தது. 2023 மே மாதம் படிப்படியாகத் திறப்போம் என்று அறிவித்தார்கள், தாக்குதல்கள் நடக்கவே ஜூலையில் தள்ளிப்போட்டார்கள். ஆனால் சோமாலியாவின் கிஸ்மாயோ துறைமுகத்தில் இறங்கும் சர்க்கரை கென்யச் சந்தைக்கு வராமல் இருந்ததே இல்லை. சோமாலியாவிலிருந்து மாடுகள் கென்யாவின் கரிசா ஊர்ச் சந்தைக்கு நடந்து வராமலும் இருந்ததில்லை. மூடிய எல்லையில் வியாபாரம் நிற்காது, யாருக்குப் பணம் போகிறது என்பது மட்டும் மாறும்.

நான் சொல்ல வந்தது ரசீது பற்றி. சோமாலியாவில் லாரி ஓட்டுகிறவர்கள் சொல்வது, அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் சாவடியில் ஒரு தடவை கட்டினால் ரசீது தருவார்கள், அடுத்த சாவடியில் அதைக் காட்டினால் மறுபடி கேட்க மாட்டார்கள். அரசுப் படைச் சாவடிகளில் ஒவ்வொரு இடத்திலும் புதிதாகக் கொடுக்க வேண்டும், ரசீதுக்கு மரியாதை கிடையாது. அதனால் பல ஓட்டுநர்கள் அல்-ஷபாப் கையில் இருக்கும் பாதையையே எடுக்கிறார்கள்.

வடக்குவாசல் எழுதியது:

அப்படியானால் அவர்கள் ஆட்சி நல்ல ஆட்சி என்கிறீர்களா?

நைரோபி மழை எழுதியது:

இல்லவே இல்லை. 2015 ஏப்ரலில் அதே கரிசாவில் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து 148 பேரைக் கொன்றவர்கள் அவர்கள். நான் அப்போது நைரோபியில் இருந்தேன், அடையாளம் காட்ட உடல்களை இங்கே கொண்டுவந்தார்கள், வாசலில் பெற்றோர்கள் காத்துக் கிடந்ததை நேரில் பார்த்தேன். அந்த ரசீது செல்லுபடியாவதற்குக் காரணம் நேர்மை கிடையாது. கட்ட மறுத்தால் உயிர் போகும், கட்டிய பிறகு இன்னொரு ஆள் வசூலித்தால் அந்த ஆளின் உயிர் போகும். பயத்தால் செல்லுபடியாகும் ரசீது. நான் கேட்பதெல்லாம், ஒரு கொலைகாரக் கூட்டத்தால் தர முடிகிற அந்த ஒரு நிச்சயத்தைச் சட்டபூர்வ அரசு ஏன் தர மாட்டேன் என்கிறது என்பதுதான். வியாபாரி அவர்களிடம் போவது விசுவாசத்தால் அல்ல, கணக்கால்.

பழைய சிப்பாய் எழுதியது:

கோமாவில் இப்போது என்ன நிலைமை என்று யாராவது சொல்ல முடியுமா? 2012 நவம்பர் 20-இல் எம்23 முதல் தடவை ஊரைப் பிடித்துப் பத்துப் பன்னிரண்டு நாளில் விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது மறுபடி பிடித்திருக்கிறார்கள், இந்தத் தடவை அப்படி இல்லை போலிருக்கிறது.

கிவுக்கரை எழுதியது:

இல்லை ஐயா, இந்தத் தடவை இருக்கவே வந்திருக்கிறார்கள். அதற்கு முன்பே சிவில் நிர்வாகம் போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் காங்கோ அரசு வடகிவு, இத்துரி மாகாணங்களில் முற்றுகை நிலை என்று அறிவித்து ஆளுநர், மேயர் பதவிகளில் ராணுவத்தையும் போலீசையும் உட்கார வைத்தது. சந்தையில் ஒரு தகராறு என்றால் போய் முறையிட இருந்த ஆட்களும் அதோடு போனார்கள். அதே மாதம் 22-ஆம் தேதி நியிரகோங்கோ எரிமலை வேறு வெடித்தது, லட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள். 2022 ஜூன் 13-இல் உகாண்டா எல்லையில் உள்ள புனகானாவை எம்23 பிடித்தது. நாலு நாள் கழித்து நான் சொன்ன அதே சின்ன வாசலில் ஒரு காங்கோ சிப்பாய் சுட்டுக்கொண்டே ருவாண்டா பக்கம் வந்து சுட்டுக்கொல்லப்பட்டார். எல்லையைப் பிற்பகல் மூன்று மணிக்கே மூட ஆரம்பித்தார்கள். மூன்று மணி என்றால் இரண்டாவது நடை கிடையாது. ஒரு நாளில் இரண்டு நடை போனால்தான் அக்காவுக்கு லாபம், ஒரு நடையில் கடனுக்குத்தான் சரியாக இருக்கும்.

2025 ஜனவரி 27-இல் கோமா விழுந்தது. வாசல் கொஞ்ச நாளில் திறந்துவிட்டது, சீருடை மாறியது. எம்23 தன் ஆளுநரை, தன் வரி அதிகாரிகளை நியமித்தது. சனிக்கிழமைதோறும் 'சலோங்கோ' என்று ஊர் சுத்தம் செய்யும் பொதுவேலை கட்டாயம். முன்பிருந்த சில்லறைப் பிடுங்கல் குறைந்தது என்று சொல்லும் வியாபாரிகளும் இருக்கிறார்கள், அதை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் வங்கிகளை மூடும்படி தலைநகர் கின்ஷாசாவில் இருக்கும் காங்கோ அரசு சொல்லிவிட்டது. ஊரில் நோட்டுத் தட்டுப்பாடு. கிழிந்த பிராங்க் நோட்டை ஒட்டி ஒட்டிக் கைமாற்றுகிறார்கள். கைபேசிப் பணத்தை ரொக்கமாக்கக் கூடுதல் கழிவு. வங்கி வேலை இருந்தால் கிசெனிக்கு நடந்து வர வேண்டும். கோமாவில் வரி கட்டிய சரக்கை அரசின் கையில் இருக்கும் புடெம்போவுக்குக் கொண்டுபோனால் அங்கே மறுபடியும் வரி. கோமாவில் வாங்கிய ரசீதைக் கின்ஷாசா அரசு ஒப்புக்கொள்ளாது. ஒரு அரசாகப் பார்த்தால் ஒப்புக்கொள்ளவும் முடியாது. இரண்டு முறை கட்டியது மூட்டை விலையில் ஏறி, கடைசியில் ஒரு கிண்ணம் பீன்ஸ் வாங்குகிறவர் தலையில் விடிகிறது.

அக்கா கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறார். அதில் பழைய 'ஜெத்தோன்' சீட்டுகள், எல்லையைக் கடக்கக் கொடுக்கும் ஒருநாள் துண்டுச்சீட்டு. மூன்று ஆட்சியின் முத்திரை அதில் இருக்கும். எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "யாராவது ஒரு நாள் நான் கட்டினேனா என்று கேட்டால் காட்ட" என்றார்.

கம்பாலாவாசி எழுதியது:

அந்தப் பெண்கள் சங்கமாகச் சேர்வதில்லையா? அங்கே கூட்டுறவுகள் இருந்ததாகக் கேள்வி.

கிவுக்கரை எழுதியது:

இருக்கின்றன. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லை மூடியபோதுதான் அதற்கு வேகம் வந்தது. ஆட்கள் கடக்கக் கூடாது, சரக்கு கடக்கலாம் என்றார்கள். அதனால் பத்து இருபது பேர் சேர்ந்து காசு போட்டு ஒரே வண்டியில் சரக்கு அனுப்பினார்கள். கடக்க முடியாமல் வியாபார முதல் பணத்தையே தின்று தொழிலை விட்டவர்கள் நிறைய. ஆனால் சேர்ந்து அனுப்பியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. ஒரு வண்டிக்கு ஒரு தாள், ஒரு வசூல், கூடைக்குள் கைவிட ஆள் இல்லை. கெட்டதும் உண்டு. வண்டியைப் பேசிவிடும் ஆள், கணக்கு வைத்திருக்கும் ஆள் கொஞ்ச நாளில் சின்ன முதலாளி ஆகிவிடுகிறார். அக்கா சேர்ந்த குழுவில் அப்படித்தான் ஆனது, தக்காளி அழுகிய நஷ்டத்தை எல்லாருக்கும் பங்கு போட்டார்கள், விலை ஏறிய நாளின் லாபத்தைப் பங்கு போடவில்லை. அவர் விலகி மறுபடி தலையில் கூடை ஏற்றிவிட்டார்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆச்சரியம், மூன்று சக்கரக் கைவண்டியில் சரக்கு கொண்டுபோகும் மாற்றுத்திறனாளிகள். கையால் சுற்றி ஓட்டும் வண்டி, அதில் மாவு மூட்டையை ஆள் உயரத்துக்கு அடுக்கி, பின்னால் இரண்டு பையன்கள் தள்ளுவார்கள். அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, கட்டணத்தில் ஒரு தளர்வும் இருக்கிறது. கின்ஷாசாவுக்கும் ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள பிராசவில்லிக்கும் இடையிலான படகுத்துறையில், சர்வாதிகாரி மொபுட்டு காலத்திலிருந்தே இந்த வழக்கம் என்பார்கள். ஒருவரை நிறுத்தி அதிகம் கேட்டால் மற்ற வண்டிகள் எல்லாம் வாசலில் வந்து நின்றுவிடும். வழி அடைத்துக்கொள்ளும், அலுவலர்தான் இறங்கி வர வேண்டும்.

பழைய சிப்பாய் எழுதியது:

அதை நானும் பார்த்திருக்கிறேன் தங்கச்சி. வெயிலில் அரைமணி நேரம் அசையாமல் நின்றார்கள். ஒரு வார்த்தை சத்தம் இல்லை.

வடக்குவாசல் எழுதியது:

என் முதல் பதிவில் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். படிவம் நிரப்பினால் போதும் என்று எழுதினேன். நிரப்பிய படிவத்தை அடுத்த மேசைக்காரர் மதிக்க வேண்டும், அது இல்லாமல் படிவமும் இன்னொரு கயிறுதான். ஒரு சந்தேகம்: கிசெனி பக்கம் வாசலை ஒட்டிச் சந்தைக் கட்டடம் கட்டியிருக்கிறார்களே, கோமா பெண்கள் அங்கேயே வந்து வாங்கிப் போனால் பாதிப் பிரச்சினை தீராதா?

கிவுக்கரை எழுதியது:

வாங்குவது சுலபமாகிறது, ஆனால் வாங்கியதைத் தூக்கிக்கொண்டு அதே ஐம்பது அடியைத்தானே கடக்க வேண்டும். சந்தையில் இப்போது கடை வாடகை என்ன, கோமாக்காரர்கள் எந்த நாணயத்தில் கொடுக்கிறார்கள் என்று எனக்கும் தெரிய வேண்டும். வருகிற வியாழன் போகிறேன். அக்காவையும் பார்ப்பேன். விசாரித்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.